கோட்டை பார்க்கப் போன வண்டி

ஜனவரி 21, புதன். பகல்.

இதெல்லாம் நடக்கும் என்று எனக்கு முன்னமே தெரியும். பின்டயர் போகும், சிரா தாண்டியதும் போகும், கூட வருகிற சுருளிவேல் உடனே சகுனம் என்பான், திரும்பிவிடலாம் என்பான். அத்தனையும் உத்தமபாளையத்தில் வண்டியை உதைக்கும்போதே என் மனைவி ராமுத்தாயிடம் சொல்லிவிட்டேன். அவள் சாட்சி. அவளைக் கேட்டால், "டயரு வழுக்கையாக் கெடக்கு, மாத்திட்டுப் போங்கன்னு சொன்னது நான்" என்பாள். சொன்னது யாராக இருந்தால் என்ன, எங்கள் வீட்டில் முன்கூட்டியே தெரிந்திருந்தது.

இப்போது உட்கார்ந்திருப்பது கர்நாடகத்தில், சிராவுக்கும் ஹிரியூருக்கும் நடுவே ஒரு பங்சர் கடையில். ஊர்ப் பெயர் எதிரே பலகையில் பெரிதாக எழுதியிருக்கிறது. எனக்கு ஏழு மொழி பேச வரும். படிக்கத்தான் நேரம் கிடைக்கவில்லை. எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன் நான், கூட்டிப் பார்த்தால் பதினாறு வகுப்பு.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எழுபதில் வந்துகொண்டிருந்தேன். (சுருளி நாற்பது என்பான். பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு வேகம் தெரியாது.) திடீரென்று வண்டியின் பின்பக்கம் வாலாட்டியது. வேறு ஒருவனாக இருந்தால் பிரேக்கை மிதித்து இரண்டு பேரையும் லாரிக்கு அடியில் அனுப்பியிருப்பான். நான் ஹேண்டிலைப் பூப்போலப் பிடித்து, ஆக்சிலேட்டரைத் தடவிக் கொடுத்து, ஓரத்தில் கொண்டுவந்து நிறுத்தினேன். அங்கிருந்து இந்தக் கடை வரை ஐந்து கிலோமீட்டர் தள்ளினோம். எதிர்க் காற்று வேறு.

"அந்தா தெரியிது பாருங்க மச்சான், நாம நின்ன புளியமரம்" என்று கடையில் உட்கார்ந்துகொண்டே சுருளி கை காட்டினான். கண்ணுக்குத் தெரிவதெல்லாம் பக்கம் ஆகிவிடாது.

கடைக்காரி மாதம்மாள். கிருஷ்ணகிரிப் பக்கம் பர்கூர்க்காரி, இங்கே வாக்கப்பட்டு வந்தவள். புருஷன் லாரி ஓட்டப் போய்விட, கடை இவள் கையில். லாரி டயர் ஒன்றை ரோட்டோரம் நட்டு வெள்ளை அடித்திருக்கிறாள். பக்கத்தில் டீ அடுப்பு. டயரைக் கழற்றி உள்ளே கையை விட்டுத் தடவியவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏண்ணா, இது டயரா, வாழப்பழத் தோலா? உள்ளாற நூலு நூலா வந்துகீதே."

"இருபது வருஷம் லாரியில இருந்தவம்மா நான். இந்த டயரு இன்னும் பத்தாயிரம் ஓடும்."

"லாரி ஓட்டுனது டிரைவரு" என்றான் சுருளி. "மச்சான் இறங்கி டயரத் தட்டிப் பாத்தவரு."

கிளீனர் தட்டிப் பார்த்த டயரை நம்பித்தான் டிரைவர் ஓட்டினார். அது அவனுக்குப் புரியாது.

மாதம்மாள் ஓட்டையை ஒட்டி, பழைய டயர்த் துண்டு ஒன்றை உள்ளே வைத்து மூடிவிட்டாள். புது டயர் ஹிரியூரிலிருந்துதான் வரவேண்டுமாம். "இத வெச்சிகினு மெதுவா போலாம். எங்கண்ணா போறீங்க?"

"சித்ரதுர்காவுக்கு" என்றேன் நான்.

"எங்கயும் இல்ல" என்றான் சுருளி.


அதே நாள். சாப்பிட்ட பிறகு.

சுருளி கயிற்றுக் கட்டிலில் படுத்துத் தூங்குகிறான். பையைத் தலைக்கு வைக்காமல் நெஞ்சோடு பிடித்திருக்கிறான். பையில் கண்ணாடி வளையல்.

படிக்கிறவர்களுக்கு விவரம் புரியவேண்டும் என்பதால் எழுதுகிறேன். சுருளிவேல் என் மனைவியின் தம்பி. அவன் மகள் பொன்ரேகா ஓசூரில் வேலைக்குப் போன இடத்தில் சித்ரதுர்காக்காரப் பையன் திப்பேசாமியைக் கட்டிக்கொண்டாள். மூன்று வருஷமாயிற்று. சுருளி பேச்சை நிறுத்திவிட்டான். தாயில்லாப் பெண். நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை அவளுக்கு அங்கே வளைகாப்பு.

திப்பேசாமியின் அம்மா ராமுத்தாயிக்குப் போன் செய்து அழைத்தார். ராமுத்தாய் முழங்காலில் தகடு வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள். சுருளி போகமாட்டேன் என்றான். திப்பேசாமியின் பெயரைச் சொல்லமாட்டான், "அந்த ஆளு"தான்.

"கல்யாணத்துக்குத்தான் என்னயக் கேக்கல. இதுக்காச்சும் அந்த ஆளு நேர்ல வந்து வெத்தல பாக்கு வச்சாரா? போன்ல கூப்புட்டா ஓடுறதுக்கு நான் என்ன கரண்டாபீசு லைன்மேனா?"

அவன் சொல்வதிலும் நியாயம் உண்டு. எங்கள் பக்கத்தில் வெற்றிலை பாக்கு வைத்து நேரில் அழைக்காத வீட்டு வாசலைச் சம்பந்தக்காரன் மிதித்தால், மூன்று தலைமுறைக்குச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் பிறந்த வீட்டு வளையல் ஏறாமல் ஒரு பெண் வளைகாப்பு மணையிலிருந்து எழுந்தாலும் அதே மூன்று தலைமுறைதான்.

ஆகவே நான் ஒரு யோசனை செய்தேன். "சித்ரதுர்காவுல பெரிய கோட்ட இருக்கு. பாத்துட்டு வருவோம் வா" என்றேன். அவன் வெகுநேரம் யோசித்து, "கோட்ட மட்டுந்தான் மச்சான்" என்றான். ரயில் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். டிக்கெட் எடுத்தால் போவதாக ஆகிவிடுமாம். மோட்டார் சைக்கிள் என்றால் எந்த இடத்திலும் திருப்பிக்கொள்ளலாம்.

கோட்டை பார்க்க எதற்குப் பட்டு வேட்டி எடுத்து வைக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. எனக்கு நாசூக்கு தெரியும்.


அதே நாள். சாயங்காலம்.

விசித்திரமான சம்பவம்.

தூங்கி எழுந்த சுருளி, "போதும் மச்சான். டயரு போனது நல்லதுக்குத்தான். கோட்ட எங்கயும் ஓடிராது, ஊருக்குத் திரும்புவோம்" என்றான். நான் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுத்தால் முறுக்கிக்கொள்வான். அவனே வண்டியைத் தெற்குப் பார்த்துத் திருப்பி நிறுத்தினான். டீ ஒன்று குடித்துவிட்டுக் கிளம்புவதாக முடிவு.

டீயைக் குடித்துவிட்டு நான் மட்டும் முதலில் எழுந்து வந்து, வண்டியைத் துணியால் துடைத்தேன். தூரம் போகிற வண்டியைத் துடைத்துத்தான் எடுக்கவேண்டும், அது லாரிக்காரர்கள் முறை. பிறகு சுருளி வந்தான். வந்து பார்த்தால் பின்டயர் அப்படியே தரையோடு அமுங்கிக் கிடக்கிறது!

மாதம்மாள் டியூபை உருவி, காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் அங்குலம் அங்குலமாக முக்கினாள். ஒரு குமிழி வரவில்லை. ஒட்டிய இடத்திலும் இல்லை, ஓரத்திலும் இல்லை. டீ குடிக்க நின்ற ஜனம் எல்லாம் தொட்டியைச் சுற்றிக்கொண்டது. ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வெங்காய லாரி டிரைவர், வெயிலில் காற்று சுருங்கிவிட்டது என்றார். ஆடு மேய்க்கிற பெரியவர் கன்னடத்தில் ஏதோ சொல்லி வானத்தைக் காட்டினார். பேய் என்கிறார் போலிருக்கிறது.

மறுபடி காற்றடித்து மாட்டினாள். அதற்குள் இருட்டிவிட்டது. இன்றைக்கு இங்கேதான்.


ஜனவரி 22, வியாழன். காலை.

மறுபடியும் காற்று இல்லை.

இந்தத் தடவை எனக்கே ஆச்சரியம். உண்மையாகவே ஆச்சரியம். நான் பக்கத்திலேயே போகவில்லை.


அதே நாள். பத்து மணி இருக்கும்.

காரணம் கண்டுபிடித்துவிட்டேன். மாதம்மாளுக்கும் டிரைவருக்கும் தெரியாதது எனக்குத் தெரிந்தது. டயரை வெயிலில் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். தலைமுடி கனத்தில் ஒரு முள்! இந்தப் பக்கத்து உடைமரத்தில்தான் இந்த ஜாதி முள் வரும். வண்டி நிற்கும்போது மெல்லக் குத்திக் காற்றை எடுக்கும், தண்ணீரில் முக்கினால் ஊறிப்போய்த் தானே ஓட்டையை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் குமிழி வருவதில்லை. பிடுங்கி எல்லாரிடமும் காட்டினேன். அதற்குள் காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

சுருளி, "அப்டியா மச்சான், முள்ளா?" என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டான். வழக்கமாக நான் எதைச் சொன்னாலும் மறுத்துப் பேசுகிறவன், இன்றைக்கு "முள்ளாத்தான் இருக்கும்" என்று எல்லாரிடமும் எனக்காக வாதாடினான். விஞ்ஞானத்துக்கு அவ்வளவு மரியாதை.

மாதம்மாள் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. காற்று ஏற்றுகிற வால்வில் எச்சிலைத் தொட்டு வைத்துப் பார்த்தாள், அதன் மூடியைத் திருகிப் பார்த்தாள். என்னைத் தனியாக அடுப்புப் பக்கம் கூப்பிட்டாள்.

"ஓட்ட இல்லாத டியூபுல காத்து போச்சின்னா, ஓட்ட வேற எங்கியோ கீதுண்ணா."

"வேற எங்க?"

"உன் மச்சாங்காரு நேத்து ராவுல கையில வளையல வெச்சிகினு எங்கிட்ட கேக்கறாரு, 'ஏம்மா, மாசமா இருந்தா கை வீங்குமா, இந்த அளவு ஏறுமா'ன்னு. கோட்டைக்கு எதுக்குண்ணா வளையலு?"

டீ நன்றாக இருப்பதாகச் சொன்னேன்.

"பொண்ணு ஊட்டுக்குப் போன் போடுண்ணா. புது டயரு கொண்டாரச் சொல்லு. நானா ஹிரியூருக்கு ஆளனுப்ப மாட்டேன். என்னால ஆவாது" என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே போனாள். வியாபாரம் தெரியாதவள்.


அதே நாள். மதியம்.

யாருக்கும் போன் போடக்கூடாது என்று சுருளி கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறான். "ரோட்டுல நிக்கிறோம்னு அந்த ஆளுக்குத் தெரிஞ்சா அத விட அசிங்கம் இல்ல மச்சான். இந்தியாவுல டயரே கெடைக்கலன்னா நடந்து போவோம்."

"எந்தப் பக்கமாப்பா?" என்று கேட்டேன்.

அவன் பையைத் திறந்து வளையல்களைத் துண்டில் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தான். பச்சையில் இரண்டு உடைந்திருந்தன. உடைந்ததைத் துண்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தான். "நாளைக்கு எத்தன மணிக்காம்?" என்றான். "பத்தரைக்கு மேல" என்றேன். "சும்மா கேட்டேன்" என்றான்.

ராமுத்தாயிக்குப் போன் செய்தேன். பேசி முடித்து அணைக்கும்போது விரல் தவறி வேறு நம்பர் அழுந்திவிட்டது. எடுத்தது திப்பேசாமி. எடுத்தவனிடம் பேசாமல் வைப்பது மரியாதை இல்லையே. டயர் அளவு, ஊர், கடைக்கு எதிரே வெள்ளை அடித்த லாரி டயர், எல்லாம் சொன்னேன். வெற்றிலை பாக்கு பற்றியும் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் வைத்துவிட்டான்.


அதே நாள். நான்கு மணி.

வருகிறான். வெள்ளை நிறக் குட்டியானை வண்டி. எழுத நேரமில்லை.


ஜனவரி 23, வெள்ளி. சித்ரதுர்கா. விருந்துக்குப் பிறகு.

நேற்று நடந்ததை ஒரு எழுத்தும் கூட்டாமல் எழுதுகிறேன்.

திப்பேசாமி வெங்காயம் ஏற்றுகிற அந்தக் குட்டியானையிலிருந்து குதித்தான். ஒல்லியான பையன். தோளில் மாலை மாதிரிப் புது டயர். கையில் வெற்றிலை இல்லை, பாக்கு இல்லை, பழத்தட்டு இல்லை. போச்சு என்று நினைத்தேன். சுருளி கட்டிலில் விறைத்து உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். முன்பின் தெரியாத ஆள் பஸ்ஸுக்குக் காத்திருப்பதுபோல.

பையன் அவன் எதிரே போய் நின்றான். கன்னடக்காரன், தமிழ் தெரியுமோ தெரியாதோ, நான் நடுவில் நின்று மொழிபெயர்க்கலாம் என்று தொண்டையைக் கனைத்தேன். அவன் வாயைத் திறந்தான்.

"ஆத்தாடி! என்ன மாமா இது, இப்டி ரோட்டோரமா ஒக்காந்துருக்கீக? வீடு அங்கிட்டுக் கெடக்கையில இங்கிட்டு என்ன சோலி?"

சுருளி திரும்பிப் பார்த்தான். நானும் பார்த்தேன். அது எங்கள் ஊர்ப் பேச்சு. எங்கள் ஊர்ப் பேச்சு மட்டுமா, பொன்ரேகாவின் பேச்சு. "ஆத்தாடி" என்று இழுத்து, கடைசியில் ஒரு தூக்கு தூக்குவாளே, அதே தூக்கு. அவளிடம் கேட்டுக் கேட்டுத் தமிழ் படித்த பையனுக்கு வேறு தமிழ் தெரியாது. மீசை வைத்த முகத்திலிருந்து அவள் குரல் வருகிறது.

சுருளி எழுந்து நின்றான். "சாப்டீகளா மாமா?" என்றான் பையன். அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அப்பனிடம் கேட்கிற முதல் கேள்வி அதுதான்.

"அந்தப் புள்ள காலைலருந்து வம்பு பண்ணுது மாமா. அப்பா வராம வளையலப் போட விடமாட்டேன்னு மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டு ஒக்காந்துருக்கு. எங்க அம்மா வெத்தல பாக்கெல்லாம் தட்டுல எடுத்துத்தான் வச்சாக. நாந்தான் அவசரத்துல டயர மட்டும் தூக்கிட்டு ஓடியாந்துட்டேன். கோவிச்சுக்காதீக."

மாதம்மாள் அடுப்புப் பக்கத்திலிருந்து, "இங்க வெத்தல பாக்குக்கு என்னா பஞ்சம்? கடையில கீது. தட்டுதான் இல்ல" என்றாள். ஒரு கவுளி வெற்றிலையும் பாக்குப் பொட்டலமும் கொண்டுவந்து புது டயரின் மேல் வைத்தாள். பையன் டயரோடு சேர்த்து இரண்டு கையாலும் ஏந்தி சுருளியிடம் நீட்டினான். சுருளி டயரை வாங்கிக்கொண்டான். வாங்கிய பிறகு அதை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றான்.

அதற்குப் பிறகு டயர் மாட்டவேண்டும் அல்லவா. மாதம்மாள் வேண்டுமென்றே பாத்திரம் கழுவப் போய்விட்டாள். பையன் உட்கார்ந்து ஒரு பக்கம் கம்பியைப் போட்டு நெம்பினான். புது டயர், விறைப்பு, மறுபக்கம் நழுவிக்கொண்டே இருந்தது. ஒரு கையால் ஆகாது. நான் போகலாம் என்று எழுந்தேன். சுருளி என்னை நகர்த்திவிட்டு, பட்டு வேட்டிப் பையைக் கட்டிலில் போட்டுவிட்டுக் குந்தினான்.

"அப்டி இல்ல. காலக் குடுத்து அமுக்குங்க. நான் இங்கிட்டுப் புடிக்கிறேன். ம்... இப்ப நெம்புங்க மாப்ள!"

மூன்று வருஷம் "அந்த ஆளு" என்றவன் வாயிலிருந்து வந்த வார்த்தை. அவனுக்கே தெரியாமல் வந்துவிட்டது. பையனுக்குத் தெரிந்தது. கம்பியைக் கீழே போட்டுவிட்டு மறுபடி எடுத்தான்.

இன்று காலை வளைகாப்பு. பெண்கள் கூட்டத்தில் நான் தலைமை தாங்கினேன் என்றே சொல்லவேண்டும். வாசலில் நின்றபடி எல்லாவற்றுக்கும் யோசனை சொன்னேன். பொன்ரேகாவின் கை நிஜமாகவே வீங்கியிருந்தது. திப்பேசாமியின் அம்மா சோப்புத் தண்ணீர் தடவி, கண்ணாடி நொறுங்காமல் முதல் வளையலை எங்கள் வீட்டு வளையலாகப் பார்த்து ஏற்றினார். பொன்ரேகா அப்பனைப் பார்த்து, "என்னப்பா, இளைச்சுப் போய்ட்டீக" என்றாள். சுருளி, "டயரு தள்ளுனேன்த்தா" என்றான். ஐந்து கிலோமீட்டர் என்றும் சேர்த்துச் சொன்னான்! நான் திருத்தவில்லை.


ஜனவரி 24, சனி.

விருந்து. தூக்கம். விருந்து.


ஜனவரி 25, ஞாயிறு.

சொன்னபடி கோட்டை பார்த்தோம். அம்மாடி, என்ன படி. ஒரு வாசல் தாண்டினால் இன்னொரு வாசல். நான்காவது வாசலில் இருவரும் மூச்சு வாங்கிப் பாறையில் உட்கார்ந்தோம். திப்பேசாமி தண்ணீர் வாங்கக் கீழே போனான். அடுத்த வாரம் பொன்ரேகாவைப் பிரசவத்துக்கு ஊருக்குக் கூட்டி வருவதாகச் சொல்லியிருக்கிறான். சுருளி முகம் வெளுத்து மடித்த வேட்டி மாதிரிப் பளிச்சென்று இருந்தது.

அந்த முகத்தைப் பார்த்ததும் சொல்லிவிடத் தோன்றியது. "சுருளி, ஒண்ணு சொல்றேன், வையக்கூடாது. புதங்கிழம சாயந்தரம் காத்த எறக்குனது நாந்தான். நீ தெக்கப் பாத்துத் திருப்பிட்டியா, வேற வழி தெரியல. வண்டியத் துடைக்கிற சாக்குல வால்வு பின்னத் திருகி விட்டுட்டேன்."

அடிப்பான் என்றுதான் நினைத்தேன். அவன் கையிலிருந்த புல்லைக் கிள்ளிக்கொண்டிருந்தான்.

"ஒரு தடவதான மச்சான்?"

"சத்தியமா ஒரு தடவதான். மறுநாள் எப்டிப் போச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு வெளங்கல."

"அது நான்" என்றான். "விடியக்காலம் எந்திரிச்சு எறக்கி விட்டேன்."

"நீயா? திரும்பலாம் திரும்பலாம்னு குதிச்சவன் நீதானடா!"

"நான் திரும்புவோம்னு சொல்லச் சொல்ல, நீங்க ஒரு தடவகூட வேணாம்னு தடுக்கல. நெசமாவே வண்டியத் திருப்பிருவீகளோன்னு பயம் வந்துருச்சு" என்றான்.

கீழேயிருந்து திப்பேசாமி "மாமா, மேல போலாமா, எறங்கலாமா?" என்று கத்தினான். சுருளி எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, "மேல போவோம் மாப்ள" என்று பதில் கத்தினான்.

வியாழக்கிழமை எழுதியதில் ஒன்றைத் திருத்தவேண்டும். உடைமரம், தலைமுடி கனம், தண்ணீரில் ஊறி அடைத்துக்கொள்வது, எல்லாம் அழகாகத்தான் வந்திருந்தது. ஆனால் முள் என்று ஒன்று இல்லவே இல்லை. அதை நான்தான் செருகினேன்.